உலை வாயும் ஊர் வாயும்

உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது என்பது நம் பாட்டிமார் வாக்கு. உலை வாய் வெடித்துத் திறந்துகொண்ட பிறகு ஊர் வாயை மூடப் பார்த்த ஒரு சர்க்காரின் கதை இது.

1986-ம் வருஷம் ஏப்ரல் 26-ந் தேதி பின்னிரவில், அப்போது ஸோவியத் யூனியனில் சேர்ந்திருந்த உக்ரேனில், செர்னோபில் மின்சார நிலையத்தின் நாலாவது அணு உலை வெடித்தது. கதிர் வீசும் தூசு காற்றோடு கிளம்பிற்று. சுமார் மூன்று கிலோமீட்டர் தூரத்தில் பிரிப்யத் பட்டணம்; சுமார் 49,000 ஜனங்கள். பொழுது விடிந்ததும் குழந்தைகள் வழக்கம்போல் பள்ளிக்கூடம் போனார்கள். மறுநாள் பிற்பகலில்தான் அனைவரையும் பஸ்களில் ஏற்றி வெளியேற்றினார்கள்.

வெளியுலகுக்கோ ஒரு வார்த்தை இல்லை. 28-ந் தேதி காலை, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஸ்வீடன் தேசத்து அணு மின் நிலையமொன்றில், ஊழியர் ஒருவரின் காலணியில் கதிர்த் தூசு அகப்பட்டது. காற்று வந்த திசையைக் கணக்கிட்டு ஸ்வீடன் கேள்வி கேட்டது. அன்றிரவுதான் மாஸ்கோ வாய் திறந்தது; அதுவும் சில வாக்கியங்களே! மே 1-ந் தேதி கீவ் நகரில் திருவிழா ஊர்வலம் நடந்தது. தலைவர் கோர்பச்சேவ் ஜனங்களிடம் பேசியது மே 14-ந் தேதி.

இந்த மௌனத்துக்கு விலை கொடுத்தவர்கள் யார்? புல்லில் விழுந்த கதிர் அயோடின் பசுவின் பாலில் இறங்கிற்று. அதைக் குடித்த குழந்தையின் கழுத்திலுள்ள தைராய்டு கோளத்தில் போய்த் தங்கிற்று. அந்த அயோடினின் வீரியம் எட்டு நாளைக்கு ஒரு முறை பாதியாகக் குறைந்துவிடும். சில வாரங்கள் புதுப் பாலை விலக்கியிருந்தால் போதும். அண்டை நாடான போலந்து ஏப்ரல் 29-ந் தேதி முதற்கொண்டு சுமார் ஒரு கோடி குழந்தைகளுக்கு அயோடின் மருந்து கொடுத்தது. செர்னோபிலைச் சுற்றிய கிராமங்கள் பலவற்றிலோ, தாய்மார்களுக்கு உரிய காலத்தில் சொல்வாரில்லை.

அன்று சிறுவர் சிறுமியராயிருந்தவர்களில் 6,000 பேருக்கு மேல் 2005-க்குள் தைராய்டு புற்றுநோய் கண்டது. அவற்றில் கணிசமானவற்றுக்கு அந்தப் பாலே காரணமென்று ஐக்கிய நாடுகளின் விஞ்ஞானிகள் கருதுகிறார்கள்.

"உண்மையைச் சொன்னால் ஜனங்கள் பீதி அடைவார்கள்" என்பது இத்தகைய சமயங்களில் அதிகாரிகள் சொல்லும் சமாதானம். பாலில் விஷம் இருக்கிறது என்று கேட்ட தாய் பீதியடைவாள், வாஸ்தவந்தான். ஆனால் அந்தப் பாலைக் கீழே கொட்டிவிடுவாள் அல்லவா?