விலை குறைந்த மின்மாற்றி உண்மையிலேயே மலிவா?

எஸ்.பி.எம். இயற்பியலில் மின்மாற்றியைப் படித்திருப்பீர்கள். முதன்மைச் சுருள், துணைச் சுருள், இரும்பு உள்ளகம், ஆற்றல் இழப்புக்கான காரணங்கள் எல்லாம் அதில் உண்டு. பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் படிக்கும்போது இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொள்கிறது: அந்த இழப்பைக் குறைக்க எவ்வளவு பணம் செலவிடலாம்?

மின்மாற்றியில் முக்கியமாக இரண்டு இழப்புகள் உள்ளன. உள்ளக இழப்பு, மின்னிணைப்பு இருக்கும்வரை தொடரும். ஊரே உறங்கினாலும் ஆண்டின் 8,760 மணி நேரமும் அது நிற்பதில்லை. செப்பு இழப்போ மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. சுமை பாதியானால் அது கால் பங்காகிவிடும்.

உள்ளக இழப்பைக் குறைக்க, காந்தப்பாய அடர்த்தியைக் குறைத்து உள்ளகத்தைப் பெரிதாக்கலாம். ஆனால், பெரிய உள்ளகத்தைச் சுற்ற நீளமான செப்புக் கம்பி வேண்டும். செப்பு இழப்பு கூடும். கம்பியைத் தடிப்பாக்கினால் விலை ஏறும். தரமான, மெல்லிய சிலிக்கான் எஃகுத் தகடுகளைப் பயன்படுத்தலாம், அவையும் மலிவல்ல.

ஒரு கணக்கு போடுவோம். ஒரு மின்மாற்றியின் விலை 5,000 ரிங்கிட் குறைவு. ஆனால் அதன் உள்ளக இழப்பு 500 வாட் அதிகம் என வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 4,380 கிலோவாட் மணி வீணாகும். ஒரு கிலோவாட் மணி 30 சென் என்றால் 1,314 ரிங்கிட். நான்கே ஆண்டுகளில் மிச்சம் பிடித்த பணம் கரைந்துவிடும். 25 ஆண்டுகளில் 32,850 ரிங்கிட்! எதிர்காலப் பணத்தை 8 விழுக்காடு வட்டியில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தாலும், இழப்பு ஏறத்தாழ 14,000 ரிங்கிட்.

அப்படியென்றால் விலை உயர்ந்ததே சிறந்ததா? அதுவும் இல்லை. பகலில் மட்டும் இயங்கும் பள்ளியின் மின்மாற்றி பெரும்பாலான நேரம் குறைந்த சுமையில் இருக்கும். அதற்கு நல்ல உள்ளகம் முக்கியம், தடித்த செப்புக்குக் கொட்டும் பணம் வீண். இரவு பகலாக முழுச் சுமையில் ஓடும் தொழிற்சாலைக்கோ செப்பில் போடும் பணம்தான் திரும்பி வரும். பயன்பாட்டைத் தெரிந்துகொள்ளாமல் வடிவமைப்பைத் தொடங்க முடியாது.

பொறியியல் படிக்க விரும்பும் தம்பி தங்கைகளே, இயற்பியலோடு கூட்டுவட்டிக் கணக்கையும் நன்றாகப் படித்து வையுங்கள். வடிவமைப்பு மேசையில் இரண்டும் ஒன்றாகத்தான் வரும்.