புரட்டக் கூடாத முட்டைகள்

கோழியை அடை வைத்துப் பழகிய கை நம் வீடுகளில் பலருக்கு உண்டு. 21ஆம் நாள் குஞ்சு பொரிக்கும். வாத்து முட்டையென்றால் 28 நாள். பொரிக்காததைக் கூழ் முட்டை என்று ஒதுக்கி விடுவோம். ஆனால் சகோதரிகளே, கோழியிடம் படித்த இந்தப் பாடத்தைப் பச்சோந்தி முட்டையிடம் கொண்டு போனால், நல்ல முட்டைகளும் செத்துப் போகும்.

பச்சோந்தி என்றதும் வேலியில் தலையாட்டும் ஓணானை நினைத்து விடாதீர்கள். நம்மில் பலர் பச்சை ஓணானையே பச்சோந்தி என்கிறோம். இரண்டு கண்களையும் வெவ்வேறு திசையில் சுழற்றி, இடுக்கி போன்ற விரல்களால் கிளையைப் பற்றிக்கொண்டு ஆடி ஆடி நடப்பதுதான் அசல் பச்சோந்தி. புத்தளம், மன்னார் போன்ற நமது வறண்ட பகுதிகளில் அதில் ஓரினம் வாழ்கிறது. அதைப் பிடித்து வளர்க்கச் சட்டம் இடம் தராது. நாம் இங்கே பேசுவது யெமன் பச்சோந்தியைப் பற்றி. யெமனும் சவூதி அரேபியாவின் தென்மேற்கு மலைப் பகுதியும் அதன் தாயகம். தலையில் உயர்ந்த கொண்டை போன்ற எலும்புடைய இந்தப் பிராணியை இன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வலைக்கூடுகளில் வளர்க்கிறார்கள். லண்டனில் இருக்கும் உங்கள் பேரப்பிள்ளையின் அறையிலும் ஒன்று இருக்கலாம்.

முட்டைக்கு முன் தாயைக் கவனிக்க வேண்டும். ஆண் துணையே இல்லாவிட்டாலும் பெண் பச்சோந்தி முட்டையிடும், நமது வீட்டுக் கோழி சேவலில்லாமல் இடுவது போல. இது தெரியாமல், "தனியாகத்தானே இருக்கிறது" என்று பலர் அலட்சியமாக இருந்து விடுகிறார்கள். வயிறு புடைக்கும், தீனி குறையும், எந்நேரமும் கிளையில் இருந்தது கீழே இறங்கி மூலை மூலையாகப் பிறாண்டும். இடம் தேடுகிறது என்று அர்த்தம். ஈரமான மணலை ஓரடி ஆழத்துக்கு நிரப்பிய வாளி ஒன்று அதற்குப் போதும். மணல் கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும். இல்லாவிட்டால் தோண்டிய குழி சரிந்து விடும்.

இன்னொன்று, அது தோண்டும்போது யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. ஆள் நடமாட்டத்தைக் கண்டால் பாதியில் விட்டுவிடும். கூட்டைச் சுற்றி ஒரு துணியைத் தொங்க விட்டு, பிள்ளைகளை அப்பால் அனுப்பி விடுவது நல்லது. தகுந்த இடம் கிடைக்காத தாய், முட்டைகளை உள்ளேயே அடக்கி வைத்துக்கொண்டு நோயுற்று இறந்து போவதுண்டு. கூட்டில் வளரும் பெண் பச்சோந்திகள் சாவதற்கு இது ஒரு முக்கிய காரணம். சோர்ந்து, பகலில் கண்ணை மூடிக் கிடந்தால் தாமதிக்காமல் மிருக வைத்தியரிடம் கொண்டு போக வேண்டும்.

அளவோடு தீனி கொடுத்தால் முப்பது முட்டை வரை இடும். கொழுக்கக் கொழுக்கக் கொடுத்தால் எண்பதைத் தாண்டுவதும் உண்டு. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அத்தனை முட்டைக்கும் சுண்ணச்சத்து அந்தச் சிறிய உடம்பிலிருந்துதானே போகிறது!

இனி முட்டைக்கு வருவோம். கோழி தன் முட்டையை அடிக்கடி புரட்டிவிடும். உள்ளே மஞ்சட்கருவைத் தாங்கும் வெண்கயிறுகள் இருப்பதால் அது புரளலாம். புரட்டாவிட்டால்தான் கரு ஓட்டோடு ஒட்டிக்கொண்டு கெடும். பச்சோந்தி முட்டையில் அந்தக் கயிறு இல்லை. கரு மேற்பக்கமாக ஏறி, ஓட்டின் உட்தோலில் பற்றிக்கொண்டு வளர்கிறது. பிறகு தலைகீழாகப் புரட்டினால் கரு மூச்சுமுட்டி இறந்து விடக்கூடும். எனவே மணலைத் தோண்டி எடுக்கும்போதே, மேலே இருந்த பக்கத்தில் பென்சிலால் ஒரு சிறு புள்ளி வைக்கிறார்கள். அந்தப் புள்ளி கடைசி வரை மேலேயே இருக்க வேண்டும்.

வெர்மிகுலைட் என்ற இலேசான கனிமத் துகளை நனைத்து, பிழிந்தால் நீர் சொட்டாத பதத்தில் ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் பரப்பி, முட்டைகளைப் பாதி புதைத்து வைப்பார்கள். மூடியில் ஓரிரு சிறு துளை. இந்த ஓடு கோழி முட்டையோடு போல் கெட்டியல்ல, தோல் போன்றது. அது சுற்றியுள்ள ஈரத்தை உறிஞ்சி மாதக்கணக்கில் பருக்கும். காய்ந்தால் சுருங்கும், தண்ணீர் தேங்கினால் பூஞ்சணம் பிடிக்கும். வெப்பம் 26 முதல் 28 பாகை சென்டிகிரேட் போதும். கூட்டினால் சீக்கிரம் பொரிக்கும் என்று ஆசைப்பட வேண்டாம், குஞ்சு பலவீனமாகும். கடலாமை முட்டைகளில் மணலின் சூடுதான் ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கிறது. யெமன் பச்சோந்திக்கு அப்படியில்லை.

காத்திருப்பு ஆறு முதல் ஒன்பது மாதம் வரை. முதல் சில வாரங்கள் கரு வளர்வதாகவே தெரியாது. பொறுமையிழந்து எறிந்து விடுகிறவர்கள் அப்போதுதான் எறிகிறார்கள். மஞ்சளித்து, வதங்கி, பூஞ்சணம் மூடியது மட்டுமே கெட்டது. வெள்ளையாக இறுகி நிற்பதை விட்டு வைக்க வேண்டும்.

ஐம்பது குஞ்சுகளை யார் வளர்ப்பது என்பதை முட்டையிட்ட அன்றே யோசித்து விட வேண்டும். வளர்க்க முடியாதவர்கள், கரு வளரத் தொடங்குமுன் அன்றைக்கே முட்டைகளை உறைபெட்டியில் வைத்து விடுகிறார்கள். கேட்கக் கொடுமையாக இருக்கலாம். ஆனால் வெளியே விடுவது அதைவிடக் கொடுமை. ஹவாயின் மௌயி தீவில் 2002இல் யெமன் பச்சோந்திகள் காட்டில் காணப்பட்டன. வீட்டில் வளர்ந்தவை வெளியேறிப் பெருகி, அங்குள்ள சிறு பறவைகளுக்கும் பூச்சிகளுக்கும் ஆபத்தாகி, அரசாங்கம் அவற்றைத் தேடிப் பிடிக்க வேண்டி வந்தது.

பொரிக்கும் காலம் வந்ததும் முட்டை வியர்த்தது போல் நீர் கோர்த்து, சற்று ஒடுங்கும். ஓட்டைக் கீறித் தலையை நீட்டிய குஞ்சு, அப்படியே ஒரு நாள் வரை அசையாமல் இருக்கும். இறந்து விட்டதென்று இழுத்து எடுத்து விடாதீர்கள். மிஞ்சிய மஞ்சட்கருவை அது உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறது. வெளியே வந்த குஞ்சு தாயைத் தேடாது. அதற்கு வேண்டியது ஏறிக்கொள்ள ஒரு மெல்லிய குச்சி, இலையில் தெளித்த நீர்த்துளி, ஓரிரு நாளில் பழ ஈக்கள்.