விருப்ப வரிசையும் வளாக நிம்மதியும்

மாத்தளைக்குப் பக்கத்து அலுவிகாரையிலிருந்து உயர்தரப் பரீட்சை எழுதும் மாணவருக்குப் பல்கலைக்கழகத்தைத் தெரிவு செய்யும் உரிமை அரைவாசிதான் உண்டு. இடம் தருவது இசட் புள்ளி. அந்தப் புள்ளிக்கு எட்டும் இடங்களுள் எது முதலில், எது பிறகு என்று எழுதிக் கொடுப்பது மாணவரின் கையில் இருக்கிறது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு அனுப்பும் விண்ணப்பத்தின் விருப்ப வரிசை அதற்காகவே வைக்கப்பட்டது. நல்ல படிப்பும் வேண்டும், மூன்று நான்கு வருடம் மூச்சு முட்டாமல் இருக்கவும் வேண்டும் என்று நினைக்கும் பிள்ளைக்கு அந்த வரிசையை விட்டால் வேறு வாசல் இல்லை.

இந்த வாசல் ஒடுக்கமானது. அண்மைய ஆண்டுகளில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பல்கலைக்கழகத் தகுதி பெற, அரச பல்கலைக்கழகங்கள் சேர்த்துக்கொள்வது நாற்பதாயிரத்துச் சொச்சம் பேரை. கலை தவிர்ந்த பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் தகுதி வரிசைப்படியும், 55 வீதம் வரை மாவட்டங்களின் சனத்தொகைக்கு ஏற்பவும் பகிரப்படுகின்றன. மிஞ்சும் 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை என்று குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு உரியது. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பட்டியலில் உண்டு, மாத்தளை இல்லை. தோட்டத்துப் பாடசாலையில் படித்துப் பரீட்சைக்கு வரும் மாத்தளைப் பிள்ளையும், மலைக்கு அந்தப் பக்கம் அதே நிலையில் படிக்கும் பிள்ளையும் ஒரே கணக்கில் வருவதில்லை.

இசட் புள்ளி 2001ஆம் ஆண்டளவில் அனுமதிக்கு வந்தது. வெவ்வேறு பாடங்களின் புள்ளிகளை ஒரே தராசில் நிறுக்கும் முறை அது. ஒவ்வொரு பாடநெறிக்கும் மாவட்டவாரியாகக் கடைசியாக உள்ளே போனவரின் புள்ளி, வெட்டுப்புள்ளி என்று வெளியாகும். குடும்பங்கள் செய்யும் வழமையான வேலை, போன வருட வெட்டுப்புள்ளிப் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, அதே ஒழுங்கில் விருப்ப வரிசையை நிரப்புவது. ஓர் இடத்துக்கு எத்தனை பேர் ஆசைப்பட்டார்கள் என்பதை வெட்டுப்புள்ளி சொல்லும். அங்கே போனவர்கள் இரவில் நித்திரை கொள்கிறார்களா என்பதை அது சொல்லாது.

தெரிவு கடினமாக இருந்தால் உள்ளேயும் நெருக்கடி கடினமாகத்தான் இருக்கும் என்பது பரவலான எண்ணம். உலகில் மிகக் கடினமாக மாணவரைத் தெரியும் இடங்கள் சில அதைப் பொய்யாக்கியிருக்கின்றன. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகம் 1969இல், மாணவர் இயக்கம் ஒன்றின் அழுத்தத்தால், கட்டாயப் பொதுப்பாடங்களை எடுத்துவிட்டது. அங்கே ஒரு பாடத்தில் தவறினால் அந்தத் தவறு வெளியே கொடுக்கும் சான்றிதழில் ஏறாது. எம்.ஐ.டி.யில் முதல் தவணைக்கு எழுத்துத் தரமே பதிவாவதில்லை. சித்தி பெற்றால் சித்தி என்று மட்டும் எழுதுவார்கள். வாசல் ஒடுக்கமாக இருக்கும்போதே உள்ளே இருக்கும் விதிகளைத் தளர்த்தலாம் என்பதற்கு இவை சாட்சி. ஆகவே ஒரு வளாகத்தின் நெருக்கடியை அறிய, அதன் விதிகளையும் பழக்கங்களையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

இலங்கையில் முதலில் பார்க்க வேண்டியது இரண்டாவது சல்லடை. சில பாடநெறிகளில், உள்ளே வந்த பிறகும் தெரிவு முடிவதில்லை. பேராதனைப் பொறியியல் பீடத்தில் அனைவரும் பொதுவாகச் சேர்ந்து, ஆரம்பப் பரீட்சைகளின் பெறுபேற்றையும் விருப்பத்தையும் வைத்தே சிவில், மின், கணினி என்று பிரிக்கப்படுகிறார்கள். கலை, விஞ்ஞான பீடங்கள் பலவற்றில் சிறப்புப் பட்டத்துக்குப் போவதும் ஆரம்ப வருடங்களின் புள்ளியைப் பொறுத்தது. பாடசாலையில் முதலாம் இடம் எடுத்தே பழகிய இருநூறு முந்நூறு பேர் ஒரே மண்டபத்தில் திரும்பவும் போட்டிக்கு நிற்கும் காலம் அது. முதல் வருடத்தில் பலர் உடைந்துபோவதற்குப் பாடத்தின் கனத்தைவிட இதுவே கூடிய காரணம் என்று சொல்லலாம். துறை பெயரோடேயே அனுமதி கிடைக்கும் பாடநெறிகளில் இந்தச் சல்லடை இல்லை. ஒரே இசட் புள்ளியில் இரண்டும் கிடைக்கக்கூடியவருக்கு இது பெரிய வித்தியாசம். மருத்துவத்தில் சல்லடை கடைசியில் வருகிறது: உள்ளகப் பயிற்சி நியமனம் தகுதி வரிசைப்படி நடப்பதால், ஐந்து வருடமும் அந்த வரிசையின் நிழல் விழுந்துகொண்டிருக்கும்.

அடுத்தது பகிடிவதை. இதை விட்டுவிட்டு இலங்கை வளாகங்களின் மனநிலையைப் பேச இயலாது. 1975இல் பேராதனையில் ஒரு மாணவி பகிடிவதைக்குத் தப்ப இராமநாதன் விடுதியின் மாடியிலிருந்து குதித்து உடல் முடங்கிப்போனார். 1997இல் அதே பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பொறியியல் மாணவர் ஒருவர், கடுமையான உடற்பயிற்சி செய்விக்கப்பட்டதால் சிறுநீரகம் செயலிழந்து உயிரிழந்தார். மறு வருடம் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பகிடிவதைக்கு இரண்டு வருடம் வரை கடூழியச் சிறை; பாலியல் தொல்லையோ பாரதூரமான காயமோ விளைந்தால் பத்து வருடம் வரை. தமிழ்நாடும் ஏறக்குறைய அதே காலத்தில் அதே பாதையில் போனது. 1996இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் ஒருவர் கொல்லப்பட்டதை அடுத்து, 1997இல் அங்கே தடைச் சட்டம் இயற்றப்பட்டது.

சட்டம் வந்து கால் நூற்றாண்டு கடந்தும் வழக்கம் அழியவில்லை. இன்று அது பெரும்பாலும் அடியாக இல்லாமல் கட்டளையாக இருக்கிறது: எந்த உடுப்பு, எந்தப் பாதையால் நடப்பது, சீனியரை எப்படிக் கூப்பிடுவது. சிங்கள மாணவர் கூடுதலாக உள்ள வளாகங்களில் தமிழ் ஜூனியருக்குக் கட்டளை வருவது பெரும்பாலும் தமிழ் சீனியரிடமிருந்தே. 'நம்ம ஆக்கள்' என்ற ஆறுதலும் 'நம்ம ஆக்கள்' என்ற பயமும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. ஏற்க மறுப்பவருக்கு 'அன்டி-ராக்' என்ற பெயர் விழும். அதன் விலை சில பீடங்களில் சிறிது, சிலவற்றில் பெரிது. ஒன்றிய நிகழ்ச்சிகளில் சேர்க்காமை, கன்டீன் மேசையில் ஒதுக்கிவைத்தல், எல்லாவற்றுக்கும் மேலாகக் குப்பி கிடைக்காமை.

குப்பி என்றால், பரீட்சைக்கு முந்திய இரவுகளில் தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுக்கும் இலவச வகுப்பு. சிங்கள மாணவரிடமிருந்து தமிழ் மாணவருக்கும் ஒட்டிக்கொண்ட சொல். பொருள், மண்ணெண்ணெய் விளக்கு. விரிவுரை ஆங்கிலத்தில் ஓடும்போது பின்தங்கும் பிள்ளையைப் பிடித்து நிறுத்துவது பல நேரம் இந்த விளக்குத்தான். ஒரு பீடத்தின் நிம்மதியை அளக்க ஒரே ஒரு கேள்வி கேட்கலாம் என்றால், குப்பி எல்லோருக்கும் உண்டா, பகிடிவதைக்குத் தலைகுனிந்தவருக்கு மட்டுமா என்று கேட்கலாம். ஒரே பல்கலைக்கழகத்துக்குள்ளேயே பீடத்துக்குப் பீடம் பதில் மாறும் என்பதால், பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் வைத்து நல்லது கெட்டது சொல்வது பயனற்றது.

மூன்றாவது, எங்கே தங்குவது. பேராதனை வளாகம் எல்லா மாணவரும் விடுதியில் வசிக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு கட்டப்பட்டது. 1942இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகத்தைத் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ் 1952இல் மகாவலிக் கரைக்குக் கொண்டுவந்தபோது, மாணவர் தொகை மிகச் சிறியதாக இருந்தது. இன்று அது பதினாயிரத்துக்கும் மேல். விடுதி எல்லா வருடத்துக்கும் போதாததால் இடையில் உள்ளவர்கள் ஹிந்தகலை, கெட்டம்பே, பெனிதெனியப் பக்கங்களில் போர்டிங் தேட வேண்டும். மகாபொல உதவித்தொகை 2025இல் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்ந்தபோதும், அறை வாடகையோடு சாப்பாட்டையும் அது தாங்காது. பணக் கவலைதான் பரீட்சைக் கவலையைவிட நெடுநாள் இருக்கும்.

அலுவிகாரைப் பிள்ளைக்கு இங்கே ஒரு வாய்ப்பு உண்டு. மாத்தளை நகர் மூன்று கிலோமீற்றர்தான். மாத்தளையில் தொடங்கும் புகையிரதப் பாதை கண்டியைத் தாண்டிப் பேராதனைச் சந்திக்குப் போகையில், சரசவி உயன நிலையத்தில் பல்கலைக்கழகத்தின் பக்கத்திலேயே இறங்கலாம். அந்தப் பாதை சீராக ஓடும் காலங்களில் வீட்டுச் சோற்றோடு படிக்கலாம். இல்லாவிட்டால் கண்டி பஸ். நாளொன்றுக்கு நான்கு மணித்தியாலம் வழியில் போகும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். வீட்டிலிருந்து போய் வருபவருக்கு விடுதியின் இரவுத் தொல்லை குறைவு; விடுதியின் நட்பும் குறைவு.

அலுவிகாரையின் பௌத்த விகாரைக்கு முன்னால் வடக்கே போகும் ஏ9 வீதி வேறொரு தெரிவைக் காட்டுகிறது. முந்நூறு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைந்த தொலைவில் யாழ்ப்பாணம். தமிழிலேயே பேசிப் பழகும் வளாகம், மொழித் தனிமை இல்லை. அதை விரும்பி மலையகத்திலிருந்து போவோர் உண்டு. ஆனால் பெயரும் ஊரும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியலும் விவசாயமும் கிளிநொச்சி அறிவியல் நகரில் நடக்கின்றன. கிழக்குப் பல்கலைக்கழகம் என்றால் வந்தாறுமூலையும் ஆகலாம், திருகோணமலையும் ஆகலாம். தென்கிழக்கின் பொறியியல் ஒலுவிலில், பிரயோக விஞ்ஞானம் சம்மாந்துறையில். விண்ணப்பத்தில் எழுதிய பெயரை நம்பிப் பெட்டியோடு போய் இறங்கிய பிறகு இதை அறிவது வீண் அலைச்சல்.

நான்காவது, காலம். பகிஷ்கரிப்பு, ஊழியர் வேலைநிறுத்தம், பிந்தி வரும் பெறுபேறு ஆகியவற்றால் நான்கு வருடப் பட்டம் ஐந்தைத் தாண்டிய பீடங்கள் உண்டு. வேலைக்குப் போய் வீட்டைப் பார்க்க வேண்டிய பிள்ளைக்கு இதைவிடப் பெரிய நெருக்கடி இல்லை. ஆணைக்குழுவின் கைநூலில் பட்டத்தின் காலம் அச்சிட்டிருக்கும்; உண்மையில் எடுத்த காலத்தை அண்மையில் பட்டம் பெற்றவரே சொல்வார்.

யாரிடம் கேட்பது என்பதும் முக்கியம். முதல் வருடத்தில் இருப்பவர் பயத்தில் பேசமாட்டார். பட்டம் பெற்றுப் பத்து வருடமானவருக்குப் பகிடிவதைகூட இனிமையான நினைவாகிவிட்டிருக்கும்; அவர் பேச்சைப் பாதி விலைக்கு எடுக்கலாம். இரண்டாம், மூன்றாம் வருட மாணவர், அதுவும் அதே பீடத்தில், அதே மொழி மூலத்தில், இயன்றால் ஒரு மாணவியும் ஒரு மாணவனுமாக இருவர் கிடைத்தால் போதும். மாத்தளைப் பாக்கியம் கல்லூரியிலோ இந்துக் கல்லூரியிலோ இரண்டு வருடம் முந்திப் படித்த அக்காவை, அண்ணாவைத் தேடுவது அவ்வளவு கஷ்டமில்லை. 'கம்பஸ் எப்படி?' என்று கேட்டால் 'நல்லம்' என்றுதான் வரும். கடைசிப் பெறுபேறு எத்தனை மாதத்தில் வந்தது, 80 வீத வரவு இல்லாதவரை உண்மையிலேயே பரீட்சைக்கு விடாமல் மறித்தார்களா, சுகமில்லாமல் போனபோது மாணவர் ஆலோசகர் என்ன செய்தார், தவறிய பாடத்தை எப்போது திரும்ப எழுத விட்டார்கள் என்று கேட்டால்தான் உள்நிலவரம் வெளியே வரும்.

வளாக வாழ்க்கையே வேண்டாம் என்பவருக்கு 1980இல் தொடங்கிய திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது. இசட் புள்ளி அங்கே வாசல் காப்பதில்லை, விடுதியும் பகிடிவதையும் இல்லை. கண்டிப் பிராந்திய நிலையம் பொல்கொல்லையில், அலுவிகாரையிலிருந்து பஸ் போகும் தூரம்தான். கட்டணம் உண்டு, தன்னைத் தானே எழுப்பிப் படிக்கும் பழக்கமும் வேண்டும்.

விருப்ப வரிசையில் ஒரு நுணுக்கம் பலருக்குத் தெரிவதில்லை. கணினி மேலிருந்து கீழாகப் பார்த்து, மாணவரின் புள்ளிக்கு எட்டும் முதல் இடத்தைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். ஆகவே எட்டாது என்று தெரிந்த இடத்தை மேலே எழுதுவதால் நட்டமில்லை; போக மனமில்லாத இடத்தை, பெயருக்காக, போக விரும்பும் இடத்துக்கு மேலே எழுதுவதால்தான் நட்டம். முடிவுத் திகதிக்குப் பிறகு வரிசையை மாற்ற விடமாட்டார்கள். அக்காமாரிடமும் அண்ணாமாரிடமும் கேட்க வேண்டியவற்றைப் பெறுபேறு வருவதற்கு முன்பே, பரீட்சை முடிந்து வீட்டில் இருக்கும் மாதங்களில் கேட்டு வைப்பது வசதி.