மின்சிகரெட்டும் குறுக்குச் சுற்றும்

திருவனந்தபுரத்து வலியசாலையில் அக்கிரகார வீடுகள் ஒன்றோடொன்று சுவரைப் பகிர்ந்துகொண்டு வரிசையாக நிற்கின்றன. ஓடும் மரமும் கொண்டு கட்டப்பட்ட பழைய வீடுகளில் ஒரு வீட்டில் பற்றும் தீ அவ்வீட்டோடு நிற்பது அரிது. அருகிலுள்ள சாலைக் கடைத்தெருவிலோ, யு.எஸ்.பி. வடங்களும் மலிவான மின்னேற்றிகளும் எவர் கைக்கும் எட்டுகின்றன. இவற்றையும் ஒரு பழைய மின்கலத்தையும் சிறிது வெப்பக் கம்பியையும் சேர்த்து மின்சிகரெட்டு ஒன்றைத் தாமே செய்து பார்க்கும் ஆவல் இளைஞர் சிலருக்கு எழக்கூடும். இந்தியாவில் 2019-ஆம் ஆண்டுச் சட்டம் இச்சாதனத்தின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் ஆகியவற்றைத் தடை செய்திருக்கிறது. பகுதிகளைச் சேர்த்து இணைப்பதும் அச்சட்டத்தில் உற்பத்தியாகவே கருதப்படுகிறது. நிகோடினின் தீங்கு ஒருபுறமிருக்க, இச்சாதனத்தினுள் நிகழும் மின்சார விபரீதத்தையே இங்கு ஆராய்வோம். யு.எஸ்.பி. மின்சாரத்தால் இயங்கும் கைச்சூட்டுக் கோல் போன்ற பிற சாதனங்களுக்கும் இவ்விளக்கம் பொருந்தும்.

யு.எஸ்.பி. துளையில் கிடைப்பது 5 வோல்ட்டு. இதைத் தொட்டால் அதிர்ச்சி தோன்றாது. ஆகவே அபாயமும் இல்லை என்று பலர் எண்ணிவிடுகின்றனர். தீயை மூட்டுவது வோல்ட்டு அன்று, உஷ்ணம். அவ்வுஷ்ணமோ மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. 1.5 ஓம் தடையுள்ள வெப்பச் சுருள் ஒன்றை 5 வோல்ட்டில் இணைத்தால் ஓம் விதிப்படி 3.3 ஆம்பியர் ஓடவேண்டும். ஆனால் கணிப்பொறியின் பழைய யு.எஸ்.பி. 2.0 துளைக்கு வகுத்த அளவு 0.5 ஆம்பியரே, 3.0 வகைக்கு 0.9 ஆம்பியர். நல்ல கணிப்பொறியாயின் தன் துளையை உடனே அடைத்துக்கொள்ளும். சுவரில் செருகும் மலிவான மின்னேற்றி அவ்வாறு செய்யும் என்பதற்கு உறுதி ஏதுமில்லை.

மின்சாரம் தான் செல்லவேண்டிய சுருளை விட்டுத் தடையற்ற குறுக்கு வழியில் பாய்வதே குறுக்குச் சுற்று. சுருளின் இரு கால்களும் உலோகக் குழாயைத் தொடுவது, சுருளின் வளைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்வது, பற்றாசு வைக்கும்போது சிதறிய ஈயத்துளி இரு முனைகளுக்கும் நடுவே தங்கிவிடுவது ஆகிய மூன்றுமே இதற்குப் போதும். பிறகு மிஞ்சுவது வடத்தின் தடை ஒன்றே. ஒரு மீட்டர் நீளமுள்ள மெல்லிய வடத்தில் போகும் கம்பிக்கும் திரும்பும் கம்பிக்குமாக ஏறக்குறைய 0.4 ஓம் தடை உண்டு. 3 ஆம்பியர் ஓடினால் வடம் மட்டுமே சுமார் 3.6 வாட் உஷ்ணத்தை வெளியிடும். நீளம் முழுவதும் பரவுவதால் இதனால் பெருந்தீங்கு விளைவதில்லை. வெறுமனே முறுக்கி விட்ட ஓர் இணைப்பின் தடை 0.2 ஓம் என்று கொள்வோம். அங்கே 1.8 வாட் உஷ்ணம் கடுகளவு இடத்தில் குவிகிறது. சுற்றியுள்ள பிளாஸ்டிக் இளகவும் கருகவும் இதுவே போதும்.

வீட்டுப் பலகையிலுள்ள சிறு மின்முறிப்பான் இந்நேரத்தில் காப்பாற்றாதா என்று கேட்கலாம். காப்பாற்றாது. மின்னேற்றி 15 வாட் தரும்போது 230 வோல்ட்டு பக்கத்தில் அது இழுப்பது ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவே. 6 ஆம்பியர் முறிப்பானுக்கு அது ஒரு பொருட்டே அன்று. பூமிக்கு மின்சாரம் கசியாமையால் கசிவு முறிப்பானாகிய இ.எல்.சி.பி.யும் விழுவதில்லை. எனவே உருகியை ஐந்து வோல்ட்டுப் பக்கத்திலேயே, மூலத்துக்கு மிக அருகில் வைத்தல் வேண்டும். சுருளின் அருகே வைத்த உருகியால் அதற்கு முன்னே வடத்தில் நேரும் குறுக்குச் சுற்றைத் தடுக்க இயலாது.

மற்றோர் அபாயமும் உண்டு. மின்னேற்றியினுள் 230 வோல்ட்டையும் 5 வோல்ட்டையும் பிரித்து நிறுத்துவது ஒரு சிறு மின்மாற்றியின் காப்புறையே. தரங்குறைந்த மின்னேற்றியில் இக்காப்பு முறிந்தால் வீட்டு மின்சாரம் முழுவதும் உலோகக் குழாய்க்கு வந்துவிடும். பிற சாதனங்களைக் கையால் தொடுகிறோம். இதையோ ஈரமான உதடு தொடுகிறது.

இத்தனையினும் கொடியது லிதியம் அயனி மின்கலம். விரல் பருமனுள்ள 18650 வகைக் கலத்தின் அகத்தடை ஓர் ஓமில் நூற்றில் சில பங்கே. முனைகளைத் தடையின்றிச் சேர்த்தால் ஒரு கணம் நூறு ஆம்பியர் வரைகூடப் பாயலாம். சட்டைப்பையில் சாவியோடும் நாணயங்களோடும் தனிக் கலத்தை இட்டுச் செல்வது இவ்வகையான செயலே. கலத்தின் உஷ்ணம் 100 டிகிரியை நெருங்கும்போது எதிர்மின்வாயின் மேலுள்ள காப்புப் படலம் சிதையத் தொடங்குகிறது. 130 டிகிரியளவில் இரு மின்வாய்களையும் பிரிக்கும் பாலிஎதிலீன் தாள் உருகுகிறது. அதன்பின் உள்ளேயே குறுக்குச் சுற்று நேர்ந்து, உஷ்ணம் தன்னைத்தானே வளர்த்துக்கொள்கிறது. கோபால்ட் ஆக்சைடு மின்வாய் பிராணவாயுவை வெளிவிடுவதால் வெளிக்காற்றை அடைத்தாலும் தீ அணைவதில்லை. ஹைட்ரஜன் புளோரைடு என்னும் நச்சு வாயுவும் உடன் வெளிப்படும்.

யு.எஸ்.பி. முனையை நேரே கலத்தோடு இணைத்து மின்னேற்றுவது இதே முடிவுக்கு மெல்லச் செல்லும் பாதை. இக்கலத்தை 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றலாகாது. அவ்வெல்லை மீறினால் உலோக லிதியம் எதிர்மின்வாயில் படிந்து, ஊசிபோல் வளர்ந்து தாளைத் துளைக்கக்கூடும். கலம் அன்றே வெடிக்க வேண்டியதில்லை. சில வாரங்கள் ஒழுங்காக வேலை செய்த பின்னரும் வெடிக்கலாம்.

அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2017-இல் வெளியிட்ட அறிக்கை, 2009 முதல் 2016 வரை அந்நாட்டில் மின்சிகரெட்டால் நேர்ந்த 195 தீ, வெடிப்பு நிகழ்ச்சிகளைக் குறிப்பிடுகிறது. பெரும்பாலானவை சாதனமோ கலமோ சட்டைப்பையில் இருந்தபோதும், உபயோகத்தில் இருந்தபோதும் நேர்ந்தவை. நீண்ட குழாயினுள் அடைபட்ட கலத்தின் வலுக்குறைந்த பகுதி அதன் நுனியாதலால், வெடிப்பு பக்கவாட்டில் சிதறாமல் வாணம்போல் ஒரே திசையில் பாய்கிறது.

லிதியம் அயனிக் கலம் திருவனந்தபுரத்துக்கு அந்நியமன்று. நகரின் வடக்கே தும்பாவிலுள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் விண்கலங்களுக்காக இவ்வகைக் கலங்களை உருவாக்கி, அத்தொழில்நுணுக்கத்தை இந்தியத் தொழிற்சாலைகளுக்கு அளிக்க 2018-இல் முன்வந்தது. ஒவ்வொரு கலத்தின் வோல்ட்டையும் உஷ்ணத்தையும் கண்காணிப்பது அங்கே வடிவமைப்பின் ஒரு பகுதி. பழைய மடிக்கணினியிலிருந்து பிரித்தெடுத்த கலத்துக்கோ முன்வரலாறும் தெரியாது, காவலும் கிடையாது.

கலம் சீறவோ புகையவோ தொடங்கினால் அதைக் கையில் எடுத்தல் கூடாது. வடம் செருகியிருந்தால் முதலில் சுவரிலுள்ள விசையை அணைத்து, பிறகு ஏராளமாகத் தண்ணீர் ஊற்றுவதே முறை. தண்ணீர் கலத்தைக் குளிர்விக்கிறது. புகை பெருகினால் அறையை விட்டு அகன்று தீயணைப்புப் படையை அழைக்க வேண்டும். அணைந்த கலம் சிறிது நேரத்துக்குப் பின் மீண்டும் பற்றக்கூடுமாதலால் அதை வீட்டினுள் வைத்திராமல் வெளியே திறந்த இடத்தில் விடுதல் நன்று. பழுதடைந்த கலங்களின் இரு முனைகளையும் ஒட்டுநாடாவால் மூடி, குப்பையில் சேராமல் தனியே ஒப்படைக்க வேண்டும். அவற்றைத் திரும்பப் பெறும் பொறுப்பை 2022-ஆம் ஆண்டு மின்கலக் கழிவு விதிகள் தயாரிப்பாளர்மீது சுமத்தியுள்ளன.