பதினேழு எழுத்துக்குக் கட்டுப்பட்ட பெட்டி

என் அப்பா ஆத்தூரில் டீசல் பம்ப் மெக்கானிக்காக இருந்தார். லாரிக்காரர்கள் மைக்கோ பம்பைக் கழற்றிக் கொண்டுவந்து, "கொஞ்சம் ஏத்தி வைங்கண்ணே, மேட்டுல இழுக்க மாட்டேங்குது" என்பார்கள். அப்பா உடனே ஸ்குரூவில் கை வைக்க மாட்டார். பம்பை டெஸ்ட் பெஞ்சில் மாட்டி, வந்தது வந்தபடி ஓடவிடுவார். ஆயிரம் ஸ்ட்ரோக்குக்கு எத்தனை சி.சி. டீசல் விழுகிறது என்று கண்ணாடிக் குழாய்களில் பார்த்து, வண்டி நம்பரோடும் தேதியோடும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார். ஆறு மாதம் கழித்து அதே ஆள் வந்து, "புகையா கக்குது, பழையபடியே வெச்சுக் குடுத்துருங்க" என்று நின்றால் அந்த நோட்டைப் புரட்டுவார். எங்கள் கடையில் எதை வேண்டுமானாலும் இரவல் கேட்கலாம், அந்த நோட்டைத் தவிர.

2022இல் என் அக்கா மகன் ஒரு செகண்ட் ஹேண்ட் டியூனிங் கருவியைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தான். உள்ளங்கை அகலம், ஒரு சின்னத் திரை, ஒரு ஒயர். "22,000 ரூபாய்க்கு முடிச்சேன் மாமா. புதுசுன்னா மூணு மடங்கு" என்றான்.

அவனிடம் இருப்பது 2017 மாடல் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ். பார்வைக்கு நாலு கதவுக் குடும்பக் கார். உள்ளே 2 லிட்டர் டர்போ பெட்ரோல் என்ஜின், 230 குதிரைத்திறன். அந்த மாதிரி என்ஜினில் அப்பா திருப்பிய ஸ்குரூ எதுவும் கிடையாது. எந்த வேகத்தில் எவ்வளவு பெட்ரோல், டர்போ எவ்வளவு காற்றை அழுத்தலாம், பிஸ்டன் மேலே வருவதற்கு எத்தனை டிகிரி முன்னால் தீப்பொறி விழ வேண்டும் என்பதெல்லாம் ஈசியூ என்கிற கம்ப்யூட்டருக்குள் அட்டவணை அட்டவணையாக எழுதப்பட்டிருக்கிறது. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் இந்தக் கருவியைச் செருகினால் அந்த அட்டவணைகளை மாற்றி எழுதலாம். டர்போ என்ஜினில் அதற்குப் பலன் நன்றாகவே தெரியும். காற்றழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டினாலே இழுவை கூடிவிடும்.

சென்சாருக்கும் ஈசியூவுக்கும் நடுவில் மாட்டுகிற பெட்டி என்று இன்னொரு வகை உண்டு. அது எதையும் மாற்றி எழுதாது. காற்றழுத்தம் குறைவாக இருப்பதாக ஈசியூவிடம் பொய்க் கணக்குக் காட்டும். ஈசியூவும் நம்பி அழுத்தத்தைக் கூட்டிவிடும். கழற்றினால் வண்டி பழையபடி ஆகிவிடும். பழசில் வாங்கினால் பின்கள் நம் என்ஜினுக்கானவையா என்று பார்ப்பதுதான் முக்கிய வேலை. மருமகன் வாங்கியது அந்த வகை இல்லை.

செருகினோம். திரையில் வந்த ஆங்கில வரியின் அர்த்தம் இதுதான்: இந்தக் கருவி வேறொரு வண்டியில் ஏற்றப்பட்டிருக்கிறது. கீழே அந்த வண்டியின் சேஸிஸ் நம்பர்.

நம் ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் அதே 17 எழுத்து, எண்தான். இந்த மாதிரிக் கருவியை முதன்முதலாக ஒரு வண்டியில் செருகும்போது, கம்பெனி எழுதிய மூல புரோகிராமை நகல் எடுத்துத் தனக்குள் வைத்துக்கொள்ளும். அந்த சேஸிஸ் நம்பரையும் பதிந்துகொள்ளும். அதே வண்டிக்கு மூல புரோகிராமைத் திரும்பக் கொடுக்கும்வரை வேறு வண்டிக்குத் திறக்காது. ஒரு கருவியை வாங்கி ஊரெல்லாம் மாற்றி எழுதிவிடக் கூடாது என்பது தயாரிப்பாளரின் கணக்கு. எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது வேறு. வேறொருவருடைய வண்டியின் மூல புரோகிராம் இந்தப் பெட்டிக்குள் கிடக்கிறது. பெட்டியை விற்றவர் அப்பாவின் நோட்டைப் போன்ற ஒன்றையும் சேர்த்து விற்றுவிட்டார்.

விற்றவரிடம் போனில் கேட்டோம். காரை முன்பே விற்றுவிட்டாராம், கருவி வீட்டில் மிஞ்சியிருந்ததாம். "வாங்கினவர் திருப்பூர்ல இருக்கார், நம்பர் தர்றேன்" என்றார். தந்தார், அந்த மட்டுக்கு நல்லது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சேலம், சங்ககிரி, பெருந்துறை வழியாகத் திருப்பூர் போனோம். காரின் இப்போதைய சொந்தக்காரர் சின்னதாகப் பிரிண்டிங் யூனிட் நடத்துகிறவர். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. அவருடைய காரின் புரோகிராம் மாற்றப்பட்டது என்பதே அவருக்குத் தெரியாது. வண்டி அவ்வப்போது உதறுகிறது என்று இரண்டு முறை ஸ்பார்க் பிளக் மாற்றியிருக்கிறார், காயில் மாற்றியிருக்கிறார். "பொண்ணை ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போற வண்டிங்க இது" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அவரைக் குறை சொல்லவும் வழியில்லை. ஈசியூவுக்குள் என்ன எழுதியிருக்கிறது என்பது பானெட்டைத் திறந்து பார்க்கிறவருக்குத் தெரியாது. 2015இல் ஃபோக்ஸ்வாகன் டீசல் கார்களின் புரோகிராமுக்குள் ஒளிந்திருந்த புகைச் சோதனை மோசடி வெளிவந்தபோதுதான் உலகத்துக்கே அது உறைத்தது. இந்தியாவில் மட்டும் 3,23,700 கார்களைத் திரும்ப அழைப்பதாக அந்த நிறுவனம் அறிவித்தது. கார் வாங்கும்போது நாம் டயரைப் பார்க்கிறோம், பெயின்ட்டைத் தட்டிப் பார்க்கிறோம். புரோகிராம் மூலமா, மாற்றா என்று யாரும் கேட்பதில்லை.

அவர் சம்மதித்தார். நான் கையோடு கொண்டுபோயிருந்த சார்ஜரைப் பேட்டரியில் மாட்டினேன். எழுதிக்கொண்டிருக்கும்போது வோல்டேஜ் இறங்கினால் ஈசியூ பாதி எழுத்தோடு நின்றுவிடும். அப்புறம் வண்டி ஸ்டார்ட்டே ஆகாது. ஏசி, விளக்கு எல்லாம் அணைத்து, கதவைக்கூடத் திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு மூலத்தைத் திரும்ப ஏற்றினோம். கருவி விடுபட்டது. அவருடைய காரும்தான்.

ஊர் திரும்பியதும் மருமகன் அன்று ராத்திரியே தன் வண்டியில் ஏற்றப் பார்த்தான். கருவிக்குள் ஏற்கெனவே இருந்த மாற்றுப் புரோகிராம் கோப்புகளில் ஒன்றின் பெயரில் 91, இன்னொன்றின் பெயரில் 93. "நம்ம பங்க்ல சாதா பெட்ரோல் 91 ஆக்டேன்தானே மாமா, சரியாப் போச்சு" என்றான். நானும் ஒரு நிமிஷம் அப்படியே நம்பினேன். பிறகுதான், அந்தக் கோப்புகளை எழுதியவர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள் என்று உறைத்தது.

பெட்ரோல் ஆவியை அழுத்தும்போது, தீப்பொறி மூட்டிய தீ வந்து சேரும்வரை தானாகப் பற்றாமல் தாங்குகிற திறனைத்தான் ஆக்டேன் எண் சொல்கிறது. அதை அளக்க இரண்டு சோதனைகள் இருக்கின்றன. நம் நாட்டில் கூடுதல் எண் காட்டும் சோதனையை மட்டும் சொல்கிறோம். அமெரிக்க பெட்ரோல் பங்க்குகளில் இரண்டின் சராசரியை எழுதி ஒட்டுகிறார்கள். அதனால் அவர்களுடைய 91 நம் கணக்கில் ஏறக்குறைய 95, 96. அந்தக் கோப்பை ஏற்றி அன்றைய 91 பெட்ரோலை ஊற்றியிருந்தால் பெட்ரோல் தானாகவே பற்றி, என்ஜின் உள்ளே சுத்தியலால் தட்டுவதுபோல் தட்டியிருக்கும். அந்தத் தட்டலை நாக் சென்சார் கேட்டுச் சொன்னால், ஈசியூ தீப்பொறியைப் பின்னுக்கு இழுக்கும். ஓரளவுக்குத்தான். அதற்கு மேல் பிஸ்டன் போகும்.

இப்போது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது, ஆக்டேன் 95 என்கிறது அரசு. ஆனால் எத்தனால் கூடினால் அதே காற்றுக்கு எரிபொருளும் கூடுதலாக வேண்டும். பழைய கருவிக்குள் கிடக்கும் கோப்பு எந்தப் பெட்ரோலுக்கு எழுதியது என்று விற்கிறவர் சொல்ல முடியாவிட்டால், கருவியை வாங்கினாலும் அந்தக் கோப்பைத் தொடக் கூடாது. நம் பெட்ரோலுக்கு என்று புதிதாக எழுதி வாங்க வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்துத்தான் 22,000 மலிவா என்று பார்க்க வேண்டும்.

இப்படிப் பழைய கருவி வாங்குவதென்றால், பணம் கொடுப்பதற்கு முன் நேரில் போங்கள். திரையை எரியவிட்டு, எந்த வண்டியிலும் ஏற்றப்படவில்லை என்று காட்டச் சொல்லுங்கள். கம்ப்யூட்டரில் இணைத்துத் தயாரிப்பாளரின் சர்வர் அந்த வரிசை எண்ணை ஏற்கிறதா பாருங்கள். போலிகள் அங்கேதான் மாட்டும். நம் காரின் ஈசியூ எண்ணை அது ஆதரிக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள், மாடல் பெயர் ஒன்றாக இருப்பது போதாது.

சட்டத்தையும் மருமகனிடம் சொன்னேன். உற்பத்தியாளர் கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவை வைத்துச் சொல்லியிருக்கிறது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று இருக்கிறது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் கேட்கும் கேள்வி அதைவிடக் கஷ்டம். முறையாகச் செய்கிற வழி இல்லாமலும் இல்லை: கோயம்புத்தூர் ஜெயம் நிறுவனம் டாடாவோடு சேர்ந்து 2018இல் டியாகோ ஜேடிபி கொண்டுவந்தது. டர்போ என்ஜின், 114 குதிரைத்திறன், அதற்கேற்ற சஸ்பென்ஷன், எல்லாம் ஆர்.சி. புத்தகத்துக்கு உட்பட்டு.

உளுந்தூர்பேட்டை ரோட்டில் போய் ஓட்டிப் பார்க்கலாம் என்று அவன் கேட்டபோது நான் கோபப்பட்டேன். நாலு வழிச் சாலை, பைபாஸ் வந்ததும் ரெண்டு வழியாகக் குறுகி எத்தனை பேரை வாங்கிய ரோடு அது. நாங்கள் போனது செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேக்கு. 2.1 கிலோமீட்டர் சுற்று, எதிரே வண்டி வராது. நம் பெட்ரோலுக்கென்று எழுதி வாங்கிய கோப்பை அங்கே வைத்துத்தான் ஏற்றினோம். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் எந்த சிலிண்டரில் தீப்பொறி எத்தனை டிகிரி பின்வாங்கியிருக்கிறது என்று கருவியின் பதிவைப் பார்த்தேன். அவன் சிரித்த சிரிப்பை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அவனுடைய சேஸிஸ் நம்பரும் மூலக் கோப்பின் பெயரும் அப்பாவின் நோட்டில் மிச்சமிருந்த பக்கத்தில் இருக்கின்றன. சாயங்காலம் கிளம்பும் முன் சார்ஜரை மாட்டி, அந்தப் பக்கத்தை விரித்து வைத்து, மூலத்தைத் திரும்ப ஏற்றச் சொன்னேன். ஆறு நிமிஷம் ஆனது. அதுவரை இரண்டு பேரும் வண்டியைத் தொடாமல் நின்றோம். பிறகு ஆத்தூருக்குக் கிளம்பினோம்.