சிங்கி இறாலின் வால்

கடல் தரும் உணவுகளுள் விலை மிகுந்தவற்றில் ஒன்று சிங்கி இறால். கல் இறால் என்றும் இதனைக் கூறுவர். கன்னியாகுமரி முதல் இராமேசுவரம் வரையிலான நம் கரையோரத்தில், கடலடிப் பாறை இடுக்குகளே இதன் வீடு. இதன் வாலை வாங்குதல், சமைத்தல், உண்ணுதல் ஆகிய மூன்றையும் பற்றி இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

வாலை மட்டும் ஏன் பேச வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். வட அட்லாண்டிக் கடலில் வாழும் வகைக்குப் பருத்த கொடுக்குகள் உண்டு; அவற்றிலும் தசை நிறைந்திருக்கும். நம் சிங்கிக்கோ அத்தகைய கொடுக்கு இல்லை. முள் நிறைந்த நீண்ட மீசைகளே உள்ளன. பகை நெருங்கினால் அது வாலை வயிற்றுப் புறமாகச் சட்டென்று மடித்துப் பின்னோக்கிப் பாய்ந்துவிடும். அப்பாய்ச்சலுக்கு வேண்டிய வலிமை வாலில் திரண்டிருக்கிறது. நாம் உண்பது அந்தத் தசையையே.

வாலுக்கு வேறொரு பணியும் உண்டு. தாய்ச் சிங்கி தன் முட்டைகளை வாலின் அடியிலுள்ள சிறு துடுப்புகளில் ஒட்டவைத்துச் சுமக்கிறது. ஒரு தாய் இலட்சத்திற்கும் மேற்பட்ட முட்டைகளைச் சுமப்பதுண்டு. அவற்றிலிருந்து வரும் குஞ்சு இலைபோல் தட்டையாய், கண்ணாடிபோல் தெளிவாய், பல மாதங்கள் அலையில் மிதந்து திரிகிறது. மிகச் சிலவே பிழைத்துப் பாறைக்கு வந்து சேர்கின்றன.

ஆதலின் வாங்கும்போது நான் கூறும் முதல் அறிவுரை இது: கூடுமானவரை முழுச் சிங்கியையே வாங்குங்கள், புரட்டிப் பாருங்கள். வாலடியில் செம்மஞ்சள் நிறக் கொத்து தெரிந்தால் அதை வாங்காதீர்கள். அளவையும் கவனியுங்கள். ஏற்றுமதிக்கென 2003-ஆம் ஆண்டில் இந்திய அரசு சிறும எடை வகுத்தது. நம் தென்கரையில் மிகுதியாகக் கிடைக்கும் சிறுவகைக்கு 200 கிராம். பல வண்ணப் பெருவகைக்கு 500 கிராம். முட்டையுள்ளவை அறவே கூடா. முழு உடலில் வால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. அப்படியானால் 50 கிராம் வால் எத்தகைய இளங்குஞ்சினுடையது என்பதை நீங்களே கணக்கிடலாம். வாலை அறுத்துவிட்டால் தாய் எது, குஞ்சு எது என்று அறிவது கடினம்.

உயிருள்ள சிங்கியைத் தூக்கினால் வாலை விசையுடன் மடிக்கும். இறந்தபின் அதன் உடலிலுள்ள நொதிகளே தசையைக் கரைக்கத் தொடங்குகின்றன. அதனால்தான் பனிக்கட்டி இன்றியமையாதது. ஓட்டில் கருமை படர்ந்திருந்தாலும், நவச்சார நாற்றம் வீசினாலும் விலக்குக. உறைந்த வாலைக் குளிர்பதனப் பெட்டியில் ஓர் இரவு வைத்து மெல்ல இளக்க வேண்டும், வெந்நீரில் இடலாகாது.

சமைக்குமுன் குடலை நீக்க எளிய வழி ஒன்று உண்டு. மீசைத் துண்டு ஒன்றை வால் நுனியருகே உள்ள துளையில் செலுத்தித் திருகி இழுத்தால், அதன் முட்களில் சிக்கிக் குடல் வெளிவந்துவிடும். பின்னர் உப்பிட்ட கொதிநீரில் இடுக. 150 கிராம் வாலுக்கு ஆறு நிமிடம் அளவே போதும். ஓடு செந்நிறமாவது ஏன்? செந்நிறப் பொருள் முன்பே அதில் உண்டு. புரதம் ஒன்று அதனைப் பற்றி நிறத்தை மறைத்திருக்கிறது. சூட்டில் அப்புரதம் குலைய, சிவப்பு வெளிப்படுகிறது. எனினும் ஓட்டின் நிறத்தை நம்பி இறக்காதீர்கள். தசை தெளிவு மாறி வெண்மையாவதே பதம். அதற்கு மேல் வேகவிட்டால் நீரை இழந்து இரப்பர்போல் ஆகிவிடும். குழம்பில் இடுவதாயினும் மசாலை நன்கு கொதித்த பின்னரே இடுக.

உண்ணும்போது எலுமிச்சைச் சாறும் மிளகுத் தூளுமே போதும். அதன் இயல்பான இனிப்பை மிகுந்த காரம் மறைத்துவிடும். இறால், நண்டு ஒவ்வாதவர்களுக்கு இதுவும் ஒவ்வாது. அவர்கள் சுவை பார்க்கவும் துணியலாகாது.

மீனவர் எதைப் பிடிப்பது என்பதைப் பெரும்பாலும் வாங்குவோரின் கையே முடிவு செய்கிறது. முட்டை சுமந்த தாயை வாங்குவார் இல்லையெனில், அதைக் கடலிலேயே விட்டுவிடுவதில் மீனவருக்கு இழப்பொன்றும் இராது. சந்தைக்குச் செல்லும் உங்கள் பெற்றோரிடம் இந்த ஒன்றையேனும் சொல்லுங்கள்: வாலைப் புரட்டிப் பார்த்து வாங்குங்கள்.