இசைத்தட்டிலும் பாடபேதம்

சுவடிக்குச் சுவடி பாடம் வேறுபடும் என்பதைத் தமிழ் கற்றார் யாவரும் அறிவர். சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887ஆம் ஆண்டிற் கலித்தொகையை அச்சேற்றியபோது, ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடந் துணியும் அரும்பணியை மேற்கொண்டார். அத்தகைய பேதம் திரைப்பாட்டிலும் உண்டென்று யாம் வகுப்பிற் கூறினால் மாணவர் நகைக்கின்றனர். படத்திற் கேட்ட பாட்டுத்தானே இசைத்தட்டிலும் ஒலிக்கின்றது என்பது அவர்தம் எண்ணம். பல பாட்டுகளில் அவ்விரண்டும் ஒன்றல்ல.

நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடத்துக்கே இடந்தரும். படத்திற் பாட்டு அதனினும் நீண்டதாயின், தட்டிலே ஒரு சரணம் போகும்; அன்றேல் இடையிசை குறுகும்; அன்றேல் பாட்டு இரு பக்கமாய்ப் பிளவுபடும். சில பாட்டுகளில் இது தலைகீழாகவும் நிகழும். தட்டில் முழுமையாய் உள்ள பாட்டைக் கதையின் விரைவு கருதிப் படத்தில் வெட்டிவிடுவர். இவை செவியுள்ளார் எவர்க்கும் எளிதிற் புலப்படுவன.

நுண்ணிய பேதம் ஒரு சொல்லில் ஒளிந்திருக்கும். 1966ஆம் ஆண்டு வெளிவந்த ‘அன்பே வா’ படத்தில், சிம்லா மலைச்சாரலில் எம். ஜி. ஆர். பாடிவருவதாக அமைந்த பாட்டை நினைவுகூர்க. வாலி எழுத, எம். எஸ். விசுவநாதன் இசையமைக்க, டி. எம். சௌந்தரராஜன் பாடியது. தட்டிலே ‘உதயசூரியன்’ எனக் கேட்கும் இடத்திற் படத்திலே ‘புதிய சூரியன்’ எனக் கேட்கும். உதயசூரியன் அந்நாளில் எம். ஜி. ஆர். சார்ந்திருந்த திராவிட முன்னேற்றக் கழகத்தின் தேர்தற் சின்னம். தணிக்கையாளர் அதனை விடவில்லை. ஆனால் அவர் கை படச்சுருள் வரையிலேதான் நீளும். தட்டிலே அவர்க்கு அதிகாரமில்லை. ஆதலின் கவிஞர் சொல் அங்கே பிழைத்துக்கொண்டது.

மாற்றிய சொல்லின் பொருத்தத்தையும் நோக்குக. உதய, புதிய என்னும் இரண்டும் நிரைநேர். சீர் சிறிதும் சிதையவில்லை. பாட்டிலே ‘புதிய’ என்னுஞ் சொல் முன்னரே பயின்று வருதலால், செவி ஐயுறாமற் கடந்துபோகின்றது. யாப்பிலே பொருந்தும் பாடந்தான் பதிப்பாசிரியனைப் பெரிதும் ஏமாற்றுவது. பொருந்தாதது தானே காட்டிக்கொடுத்துவிடும்.

இனி, பேதம் போலத் தோன்றிப் பேதமாகாதனவும் உள. நொடிக்கு 24 படமாக ஓடும் திரைச்சுருளை, 25 படமாக ஓடும் நம் நாட்டுத் தொலைக்காட்சி முறைக்கு அப்படியே மாற்றினால் பாட்டு நூற்றுக்கு நாலு பங்கு விரையும். சுருதியும் அரைச்சுரத்துக்குச் சற்றே குறைந்த அளவு ஏறும். அதனைக் கேட்டு, “படத்துக்கு வேறு சுருதியிற் பாடினார்” என வாதிடுவோர் உளர். அது பொறி செய்த மாற்றம். ஏடெழுதுவோன் கைப்பிழை போல்வது. 1990களில் மின்சாரமற்ற யாழ்ப்பாணத்திலே சைக்கிள் டைனமோவைச் சுழற்றிப் பாட்டுக் கேட்டோம். சுற்றுபவன் கை ஓயின் ஒலிநாடாவிற் பாகவதரும் ஓய்ந்து இழுப்பார். அதையும் ஒரு பாடமாகக் கொள்ளலாகுமா?

ஆகவே ஒரு வேறுபாடு செவிப்பட்டவுடன், இது பாடியோர் செய்ததா, வெட்டியோர் செய்ததா, பொறி செய்ததா எனப் பகுத்தறிதல் வேண்டும். அதற்கு மூலம் கையிலிருத்தல் வேண்டும். அரக்குத் தட்டு விழுந்தால் உடைவது. இடப்பெயர்வுகளில், 1995ஆம் ஆண்டுப் பெயர்வில் எல்லாவற்றினும் மேலாக, கைக்குழந்தையையும் மூட்டையையும் சுமந்தவர்கள் தட்டுப்பெட்டியைச் சுமக்கவில்லை. இன்று கணினியிற் பாட்டுகளை ஏற்றுவோர் தட்டிலிருந்து எடுத்தனரா, படத்திலிருந்து எடுத்தனரா என்று குறிப்பதேயில்லை. இன்ன சுவடி என்று சுட்டாமற் பாடம் தருதல் பதிப்பாகுமோ? இரண்டிலொன்று பலராற் பெயர்த்தெழுதப்பட்டுப் பெருகும். மற்றையது ஒருவருமறியாது மறையும்.

எவர் வீட்டுப் பரணிலேனும் பழைய தட்டுக் கிடப்பின், அது கீறலுற்றதாயினும் எறிந்துவிடற்க. நடுவிலுள்ள வட்டத்தாளில் அச்சிட்ட எண்ணையும், அதன் புறத்தே அரக்கிற் பொறித்த எண்ணையும் ஒரு கொப்பியிற் குறித்துவைக்க. பின்னர்ப் படத்தையும் தட்டையும் அடுத்தடுத்துக் கேட்க. முதலிற் சரணங்களை எண்ணுக, சொற்களைப் பின்னர்ப் பார்க்கலாம்.